போனதற்குக் கைரேகை இல்லை

எங்கள் கடையின் பின்பக்கம், வேலையாட்கள் நுழையும் வழியில், ஒரு கைரேகை இயந்திரம் மாட்டியிருக்கிறது. விரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் ‘தேங்க் யூ’ என்று சொல்லும். எல்லாரும் வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை விரல் வைக்க வேண்டும். எனக்கு மட்டும் ஒரே தடவைதான். வந்ததற்கு மட்டும். போகும்போது வைத்தால் சிவப்பு விளக்கு எரியும், குரல் வராது. மேனேஜர்களுக்கு ‘அவுட்’ கிடையாது என்பது கம்பெனி விதி. நான் எத்தனை மணிக்கு வந்தேன் என்பது சென்னை ஆபீசுக்குத் தெரியும். எத்தனை மணிக்குப் போனேன் என்பது எனக்கும் என் வீட்டு நாய்க்கும் மட்டும்தான் தெரியும்.

மேனேஜர் ஆன முதல் மாதம் இது எனக்குப் பெருமையாக இருந்தது. இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. ‘நம்மளை நம்புறாங்க, அதான் அவுட் கேக்கறதில்ல’ என்று என் வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, ‘நம்புறதுன்னா இன்னும் ஒரு ஆளைப் போடச் சொல்லு’ என்றார். அன்று அவர் மேல் கோபப்பட்டேன். அந்தக் கோபத்தைச் சேர்த்து வைத்திருந்தால் பிறகு உரிய இடத்தில் செலவழித்திருக்கலாம்.

கடை ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் ரோட்டின் மேல் இருக்கிறது. பெரிய மளிகை சூப்பர் மார்க்கெட். தலைமை அலுவலகம் சென்னையில். பதினோரு வருடத்துக்கு முன்னால் டவுனில் இருக்கும் கிளையில் பில் போடச் சேர்ந்தவள் நான். இந்தக் கடை திறந்தபோது இருபத்திரண்டு பேர் இருந்தார்கள், இப்போது பதினான்கு பேர். குறைந்த எட்டுப் பேரின் வேலை எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அது எங்கேயும் போகவில்லை, என்னிடம்தான் வந்தது. பால் வண்டி வந்தால் நான் பாக்கெட் அடுக்கிய டப்புகளை எண்ணி இறக்க வேண்டும். பில்லிங்கில் கூட்டம் சேர்ந்தால் நான் உட்கார வேண்டும். எண்ணெய் பாட்டில் உடைந்து, துடைக்கிற அம்மா லீவு என்றால், மரத்தூளைப் போட்டு நான் தள்ள வேண்டும். இதற்கு நடுவே மணிக்கு ஒரு தடவை கடையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். காய்கறி ரேக் போட்டோவில் என் துடைப்பக்கட்டை தெரிந்துவிட்டது என்று ஒரு நாள் ஏரியா மேனேஜர் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். அந்தத் துடைப்பத்தை யார் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை.

ஒரு கடைக்கு இரண்டு மேனேஜர் இருக்க வேண்டும். ஒருவர் லீவு எடுத்தால் இன்னொருவர் இருப்பார். எங்கள் கடையில் துணை மேனேஜர் இடம் பதினான்கு மாதம் காலியாகக் கிடந்தது. அந்தப் பதினான்கு மாதமும் வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு என்பது எனக்குக் காகிதத்தில் மட்டும் இருந்தது. கேட்டால், ‘வெளியிலிருந்து ஆள் எடுக்க அனுமதி இல்ல மேடம், உங்க ஸ்டாஃப்லயே ஒருத்தரை ரெடி பண்ணுங்க’ என்பார் ஏரியா மேனேஜர். கடைசியில் நான் ஒருத்தியை ரெடி பண்ணினேன். இந்தக் கதையில் நான் செய்த தப்பு அதுதான்.

அவள் பில்லிங்கில் நாலு வருடமாக இருந்தாள். கடலோரக் குப்பத்துப் பெண். கை அவ்வளவு வேகம். வரிசையில் நிற்கிறவர்கள் பக்கத்து கவுன்ட்டர் காலியாக இருந்தாலும் அவளிடம்தான் நிற்பார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று அவளைக் கொண்டுவந்து விட்டது அவள் அப்பா. லுங்கியோடு கடைக்குள் வரக் கூச்சப்பட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் டிவிஎஸ் வண்டியில் உட்கார்ந்தபடி இரண்டு மணி நேரம் காத்திருந்தார். பின்னால் கட்டியிருந்த மீன் பெட்டி காலியாக இருந்தது. அன்று விடியற்காலையிலேயே வியாபாரத்தை முடித்துவிட்டு வந்திருந்தார். ஒரே பெண். அண்ணன் தம்பி யாரும் கிடையாது.

போன ஆடி மாதம் அந்த அப்பா கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நுரையீரலில் வந்த நோய். அவள் டியூட்டி முடிந்ததும் அங்கே ஓடுவாள், காலையில் அங்கிருந்து நேரே கடைக்கு வருவாள். அந்த நேரத்தில்தான் துணை மேனேஜர் பேச்சை நான் எடுத்தேன்.

‘லீவெல்லாம் எப்படிக்கா? இப்ப மாதிரி வாரத்துக்கு ஒரு நாள் உண்டா?’ என்று கேட்டாள்.

‘அதெல்லாம் நம்ம பாத்துக்கலாம். நீ ஒரு நாள், நான் ஒரு நாள்.’

‘நல்ல நாளு பெரிய நாளுக்கு?’

‘நான் இருக்கேன் இல்ல? எல்லாரும் உன்னை மேடம்னு கூப்பிடுவாங்க. உங்க அப்பா கண்ணால பாக்கட்டும்டி.’

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். எனக்கு ஒரு நாள் லீவு வேண்டியிருந்தது, அதனால் சொன்னேன். அவள் அப்பாவின் பெயரைச் சொல்லி அவளை மடக்கினேன். வேறு நல்ல வார்த்தை எதுவும் இதற்குக் கிடைக்கவில்லை.

துணை மேனேஜர் பேட்ஜ் வந்த அன்று சாயங்காலம் அதைக் கழற்றாமலேயே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவர் அதைத் தடவிப் பார்த்து, எழுத்துக்கூட்டிப் படித்து, பக்கத்துக் கட்டில்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாராம். மறுநாள் வந்து சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதே நாள் சாயங்காலம் அவள் போகும்போது விரல் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடியும் வைத்தாள். ‘இன்னாக்கா, எடுக்க மாட்டேங்குது?’ என்று கேட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் விரலைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு போனாள்.

ஐப்பசியில் அவர் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். மாசி மகத்துக்கு ஒரு நாள். எங்கள் ஊரில் அது எப்படிப்பட்ட நாள் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மயிலத்திலிருந்தும் தீவனூரிலிருந்தும் சாமிகள் புறப்பட்டு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வரும். ஊர் முழுக்கக் கடற்கரையில்தான் இருக்கும். இறந்துபோனவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவதும் அன்றைக்குத்தான். அவள் அப்பா போன பிறகு வருகிற முதல் மகம். ஆண்பிள்ளை இல்லாத வீடு என்பதால் அவளுடைய ஒன்பது வயது மகன் விட வேண்டும், அவள் கூட நின்று அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கார்த்திகை மாதமே கேட்டுவிட்டாள். ‘அந்த ஒரு நாளு போதும்க்கா. வேற எதுவும் கேக்க மாட்டேன்.’ சரி என்று சொன்னேன்.

மாசி மகத்துக்குப் புதுச்சேரியில் விடுமுறை. பள்ளிக்கூடம் கிடையாது, ஆபீஸ் கிடையாது. ஆனால் எங்கள் கம்பெனியின் காலண்டர் சென்னையில் அச்சாகிறது. அதில் அந்த நாள் வெறும் கறுப்பு எழுத்தில் சும்மா ஒரு நாள். அப்படிச் சும்மா இருந்த நாளைப் பார்த்து, கம்பெனி டைரக்டர் பாண்டிச்சேரி கடைகளைப் பார்வையிட வருகிறார் என்று முடிவு செய்துவிட்டார்கள். விசிட் நாளில் இரண்டு மேனேஜர்களும் காலை எட்டு மணியிலிருந்து கடையில் இருக்க வேண்டும் என்று மெயில் வந்தது.

நான் ஏரியா மேனேஜருக்கு போன் போட்டேன்.

‘சார், அன்னிக்கு மாசி மகம்.’

‘அதுக்கு என்ன மேடம்?’

‘இங்க லீவு சார். ரோடெல்லாம் சாமி வரும். கார் உள்ள வர முடியாது.’

‘ஒரு கோயில் திருவிழாதானே மேடம். நாங்க ஈசிஆர்ல வர்றோம், எட்டு வழி ரோடு மாதிரி இருக்கும். நீங்க ஸ்டோரைப் பாத்துக்குங்க, ரோட்டை நாங்க பாத்துக்கறோம்.’

துணை மேனேஜரின் லீவு விண்ணப்பத்தைக் கம்பெனி ஆப்பில் போட்டோம். மேனேஜர் லீவு என்றால் ஏரியா மேனேஜர்தான் ஒப்புதல் கொடுக்க வேண்டும். மூன்று தடவை போட்டோம், மூன்று தடவையும் நிராகரித்தார். காரணம் கேட்கும் கட்டத்தில், ‘சீனியர் பொறுப்பு’ என்று எழுதியிருந்தார்.

இதில் என் வயிறு எரிந்த இடம் ஒன்று உண்டு. கடையில் மற்றவர்களுக்கு லீவு கொடுக்கும் அதிகாரம் எனக்கு இருந்தது. அந்த மாசி மகத்துக்கு ஐந்து பேருக்குக் கொடுத்தேன். குப்பத்துப் பெண்கள் மூன்று பேர், வில்லியனூர் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் சாமி பார்க்கக்கூடப் போகவில்லை, வீட்டில் படுத்துத் தூங்கினான். அவனுக்குக் கொடுக்க முடிந்தது. அப்பாவுக்குத் தண்ணீர் விட வேண்டியவளுக்குக் கொடுக்க முடியவில்லை. போன ஆடி வரைக்கும் இருந்ததுபோல அவள் பில்லிங்கிலேயே இருந்திருந்தால் என் கையெழுத்து ஒன்று போதும். அவளை அந்தக் கையெழுத்துக்கு வெளியே தூக்கி வைத்தவள் நான்தான்.

‘போ, என்ன ஆனாலும் நான் பாத்துக்கறேன்’ என்று சொல்லியிருக்கலாம் இல்லையா என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரரும் கேட்டார். சொல்லியிருக்கலாம். நான் பயந்தேன். பதினோரு வருடத்தை ஒரே மெயிலில் துடைத்துவிடுவார்களோ என்ற பயம். கம்பெனிமேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி அந்தப் பயத்தின்மேல் உள்ள கோபம்தான்.

மாசி மகத்தன்று காலை ஏழே முக்காலுக்கே அவள் வந்துவிட்டாள். தலைக்குக் குளித்திருந்தாள். ஈரம் காயாமல் கொண்டை போட்டு, யூனிஃபார்ம் போட்டு, பேட்ஜைக் குத்தியிருந்தாள். மிச்சமிருந்தவர்களை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கடையைத் துடைத்தோம், ரேக் நிரப்பினோம், தேதி முடிந்த பிஸ்கட்டைப் பொறுக்கினோம். வழக்கமாக வரும் சொல்தா வீட்டுப் பெரியவர் ஒருவர் மட்டும் ரொட்டி வாங்க வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். எங்களைப் பார்த்து, ‘இன்னிக்கும் கடையா?’ என்று சிரித்தார். அவருடைய மகள் பாரீஸ் பக்கம் இதே மாதிரி ஒரு கடையில் மேனேஜராம், லீவு நாளில் கம்பெனி போனை எடுக்கவே மாட்டாளாம். எனக்கு ஆத்திரமாக வந்தது. ரொட்டியைப் பையில் போட்டு நீட்டினேன்.

பத்து மணிக்கு அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

‘அக்கா, ஸ்கூட்டியில சந்து சந்தாப் போயிட்டு ஒன்றரை மணி நேரத்துல வந்துடறேன். பையன் எங்கம்மாவோட வெய்யில்ல நிக்குறான். நான் வந்தாத்தான் விடுவேன்றான்.’

நான் போனைப் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் ஏரியா மேனேஜர் செய்தி அனுப்பியிருந்தார். மரக்காணம் தாண்டிவிட்டார்கள்.

‘மரக்காணம் தாண்டிட்டாங்களாம். முக்கால் மணி நேரத்துல வந்துடுவாங்க. வந்தவுடனே உன்னை அனுப்பிடறேன்டி. முதல்ல தலையைக் காட்டிடு.’

அவள் தலையாட்டிவிட்டுப் போய் கவுன்ட்டருக்குப் பக்கத்தில் நின்றாள். பதினொன்று ஆயிற்று. காலாப்பட்டு என்று செய்தி வந்தது. பதினொன்றரைக்கும் காலாப்பட்டு. பன்னிரண்டு மணிக்கு, ‘என்ன மேடம் இது, ரோடு முழுக்க மாட்டு வண்டி, ட்ராக்டர், மேளம்?’ என்று போன் வந்தது. சாமி வருது சார் என்றேன். ‘எப்ப கிளியர் ஆகும்?’ என்றார். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு, ‘நீ கிளம்பு’ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் போன் அடித்தது. அவள் அம்மா. அவள் மூன்று வார்த்தைதான் பேசினாள். ‘சரிம்மா. விட்டுடச் சொல்லு.’

வெயில் தாங்காமல் பையனுக்குத் தலை சுற்றியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அவன் கையைப் பிடித்துத் தண்ணீர் விடச் செய்து, வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்.

ஒன்றேகாலுக்குக் குரூப்பில் செய்தி வந்தது. உள்ளூர்த் திருவிழா நெரிசல் காரணமாக விசிட் வேறு தேதிக்கு மாற்றப்படுகிறது. கோட்டக்குப்பத்தைத் தாண்ட முடியாமல் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். கீழே பன்னிரண்டு கிளை மேனேஜர்கள் கட்டைவிரல் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

எந்தத் திருவிழாவுக்கு லீவு இல்லை என்றார்களோ அதே திருவிழாவைக் காரணம் சொல்லி அவர்கள் திரும்பிப் போனார்கள். அவர்களுக்கு அது ரோடு அடைப்பு. இவளுக்கு அது அப்பா. என் வாயில் வந்த கெட்ட வார்த்தையை அன்று குளிர்பானக் கிடங்குக்குள் போய் நின்று, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். வெளியே கேட்டிருக்கும், கேட்கட்டும்.

வெளியே வந்தபோது அவள் பால் ரேக்கில் பாக்கெட்டுகளை முன்னால் இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ‘இப்பப் போடி, வீட்டுக்குப் போ’ என்றேன்.

‘இப்பப் போய் இன்னா பண்றது மேடம்?’ என்றாள்.

நாலு வருடமும் எட்டு மாதமும் அக்கா என்று கூப்பிட்டவள். அன்றுதான் மேடம் ஆனேன்.

மறுவாரம் வந்து, ‘என்னைத் திரும்ப பில்லிங்குக்கே போடச் சொல்லுங்க’ என்று கேட்டாள். ஏன் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்றாலும் கேட்டுவிட்டேன். ‘எனக்கு அவுட் வேணும்’ என்றாள்.

ஹெச்ஆரைக் கேட்டேன். மேனேஜர் நிலையிலிருந்து கீழே இறங்க வழி இல்லையாம். வேலையை விட்டுவிட்டு, புது ஆளாகத் திரும்பச் சேரலாமாம். அப்படியென்றால் அவளுடைய வருடங்கள் போகும், பயிற்சிக் காலம் முதலிலிருந்து தொடங்கும். இதைச் சொன்னால் மனதை மாற்றிக்கொள்வாள் என்று நினைத்தேன். ‘எழுதித் தாங்க, கையெழுத்துப் போடறேன்’ என்றாள். ராஜினாமாக் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். எட்டு மாதம் முன்னால் அவளுக்கு வாக்கும் நானேதான் கொடுத்தேன்.

பங்குனியில் அவள் பச்சை ஏப்ரனோடு திரும்பி வந்தாள். ‘பயிற்சியில்’ என்று பேட்ஜ். அவளிடம் வேலை பழகின பெண்கள் நீல ஏப்ரனில் அவளுக்கு மேலே நிற்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்கு அவளை ஏவவே வாய் வரவில்லை, என்னிடம் வந்து அழுதாள். நான் மறுபடியும் தனி ஆள். இரண்டு சாவிக் கொத்தும் என் பையில்.

போன வாரம் ஏரியா மேனேஜர் பேசினார். துணை மேனேஜர் இடம் எத்தனை நாள் காலியாக இருக்கும், உள்ளேயே யாரையாவது ரெடி பண்ணச் சொன்னேனே என்றார்.

‘நாலு பேரைக் கேட்டேன் சார். நாலு பேரும் வேணாம்னுட்டாங்க.’

‘ஏன்? பதவி யாருக்குக் கசக்கும்? நீங்க என்ன சொல்லிக் கேட்டீங்க?’

‘உள்ளதைச் சொன்னேன் சார். வார லீவு கிடைக்காது, மாசி மகத்துக்கு நீங்க விடமாட்டீங்க, போறதுக்குக் கைரேகை இல்லைன்னு சொன்னேன்.’

‘இப்படிச் சொன்னா யார் மேடம் வருவாங்க? நீங்கதான் கொஞ்சம் எடுத்துச் சொல்லணும்’ என்றார்.

‘போன தடவை எடுத்துச் சொன்னேன் சார். நல்லாவே சொன்னேன். இனிமே சொல்ல மாட்டேன்.’

‘அப்ப நீங்க தனியாத்தான் பாத்துக்கணும். ரெவ்யூல இதெல்லாம் வரும், பாத்துக்குங்க.’

‘வரட்டும் சார்’ என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். பயம் இல்லை என்று சொல்ல ஆசைதான்.

இதெல்லாம் பின்வாசலில் நின்று பேசியது. மணி ஆறு. டியூட்டி முடிந்தவர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். அவளும் வந்தாள். நான் பேசியதை அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் பழையபடி ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அவள் ஏப்ரனை மடித்துப் பையில் வைத்தாள். விரலைத் துடைத்து இயந்திரத்தில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. ‘தேங்க் யூ’ என்றது குரல்.

‘போயிட்டு வரேன் மேடம்’ என்று என்னிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.